கிராக் வெர்ஷன்லதான் கத்துக்கிட்டேன், இப்ப அதுலயே சம்பாதிக்கிறேன், இது தப்பா அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் ஒரு டிசைனர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி படிக்கிறப்ப கையில காசு இல்ல, ஃப்ரெண்டு ஒருத்தன் பென்ட்ரைவ்ல குடுத்த, லைசென்ஸ் பூட்ட உடைச்ச கிராக் ஃபோட்டோஷாப், கிராக் வீடியோ எடிட்டர், அதுலதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். இப்ப ஃப்ரீலான்ஸ்ல நல்லா போகுது, கூட ரெண்டு பசங்க வேலைக்கு சேர்ந்திருக்காங்க, அவங்க லேப்டாப்லயும் அதே கிராக்க நானேதான் போட்டுக் குடுத்தேன். என் தங்கச்சி டெவலப்பரா இருக்கா. போன வாரம் இதப் பார்த்துட்டு "இது திருட்டு, என் வேலைய எவனாச்சும் இப்படி எடுத்தா நீ சும்மா இருப்பியா"ன்னு கேட்டா, எனக்கு பதில் வரல. ஆனா அவ்ளோ பெரிய கம்பெனிக்கு என்னால என்ன நஷ்டம் வந்துடும், நான் எப்படியும் வாங்கியிருக்க மாட்டேனே? மாசாமாசம் வாடகை மாதிரி கட்டுன்னு சொல்றது மட்டும் நியாயமா? உண்மையிலயே இது தப்பா, தப்புன்னா பழசுக்கு நான் என்ன பண்றது?

பதில்: தம்பி, கேட்டதுக்கு முதல்ல நேரா பதில் சொல்லிடுறேன். ஆமா, இப்ப பண்றது தப்புதான். ஆனா ஆறு வருஷத்துக்கு முன்னாடி பண்ணதையும் இப்ப பண்றதையும் நான் ஒரே தட்டுல வைக்க மாட்டேன், அது ஏன்னு விளக்கமா சொல்லணும், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல சாஃப்ட்வேர் எழுதி வித்து பொழைக்கிறவ. ஆனா நான் ப்ரோக்ராமிங் கத்துக்கிட்டதும் யாரோ காப்பி பண்ணிக் குடுத்த கம்பைலர்லதான் (நாம எழுதுற ப்ரோக்ராம கம்ப்யூட்டர் ஓட்டுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்), அன்னிக்கு அது தப்புன்னுகூட தோணல, சுத்தி இருந்த எல்லாரும் அப்படித்தான் வச்சிருந்தாங்க. அதனால உங்கள நிக்க வச்சு திட்டுற எண்ணம் எனக்கு இல்ல. அந்தப் பக்கமும் இருந்திருக்கேன், இந்தப் பக்கமும் இருந்திருக்கேன், ரெண்டுலயும் பார்த்தத எழுதுறேன்.

உங்க தங்கச்சி சொன்ன "திருட்டு"ங்கிற வார்த்தைய முதல்ல எடுத்துக்குவோம், ஏன்னா பாதிப் பேர் அந்த வார்த்தையிலயே மல்லுக்கட்டிட்டு விஷயத்துக்கே வர மாட்டாங்க. திருட்டுன்னா ஒருத்தர்கிட்ட இருந்த பொருள் போயிடணும், அவர் கை காலியாகணும், காப்பி எடுத்தா அப்படி ஆகுறதில்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985ல டௌலிங்னு ஒருத்தர் கேஸ்ல இதத்தான் சொல்லுச்சு. அனுமதி இல்லாம அச்சடிச்ச இசைத்தட்டுகள அவர் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புனாரு, திருட்டுப் பொருள கடத்துனதா அவர் மேல போட்ட சட்டம் இதுக்கு பொருந்தாது, காப்பிரைட்ட மீறுறதையும் திருட்டையும் அவ்ளோ சுலபமா ஒண்ணுன்னு சொல்லிட முடியாதுன்னு தீர்ப்பு. அதனால தங்கச்சிகிட்ட வார்த்தைக்கு வார்த்தை வாதாடுனா நீங்க ஜெயிக்கலாம்.

ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு ஆளக் கூப்பிட்டு நாள் பூரா வேலை வாங்கிட்டு சாயங்காலம் கூலி குடுக்காம அனுப்பிட்டா, அவர்கிட்ட இருந்து எந்தப் பொருளையும் நாம எடுக்கலதான், ஆனாலும் அது என்னன்னு சொல்ல நமக்கு கோர்ட்டு வேண்டியதில்ல. கிராக்கு அந்த ரகம். உங்க தொழில்லயே பாருங்க, வாட்டர்மார்க் போட்டு அனுப்புன லோகோவ ஒரு க்ளையன்ட் அழிச்சு சுத்தம் பண்ணி காசு குடுக்காம போட்டுக்கிறாருன்னு வைங்க, "ஃபைல் உங்ககிட்டதான் பத்திரமா இருக்கே, என்ன நஷ்டம்"னு அவர் கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?

இந்தச் சண்டை நேத்து வந்ததும் இல்ல. 1976 பிப்ரவரியில, 20 வயசு பில் கேட்ஸ் கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்க கடிதம் எழுதுனாரு. ஆல்டேர்ங்கிற கம்ப்யூட்டருக்கு அவரோட கம்பெனி எழுதுன பேசிக்ங்கிற ப்ரோக்ராமிங் மொழி சாஃப்ட்வேர ஓட்ட போட்ட காகித டேப்புல காப்பி எடுத்து ஆளுக்கு ஆள் குடுத்துக்கிட்டிருந்தாங்க. ஆல்டேர் வச்சிருக்கவங்கள்ல பத்துல ஒருத்தர்கூட காசு குடுத்து வாங்கல, எங்களுக்கு வந்த காச உழைச்ச நேரத்தால வகுத்தா மணிக்கு 2 டாலர்கூட தேறலன்னு எழுதியிருந்தாரு. அன்னிக்கு மைக்ரோசாஃப்ட் நாலஞ்சு பசங்க சேர்ந்த சின்னக் கம்பெனி. இன்னிக்கு நாம "பெரிய கம்பெனி"ன்னு சொல்றதுல நிறைய அப்படி ஆரம்பிச்சதுதான்.

அந்தக் கடிதம் நிறைய பேருக்கு கோவத்தக் கிளப்புச்சு. நல்ல ஒரு விஷயத்த நாலு பேருக்கு பகிர்றது எப்படி தப்பாகும்னு கேட்டாங்க, அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்கு தம்பி, நான் அத ஒதுக்கித் தள்ள மாட்டேன். அதே கேள்விய ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983ல க்னூ திட்டத்த அறிவிச்சப்ப அவர் யாரோட சாஃப்ட்வேரையும் உடைச்சுக் குடுக்கல, யாரும் காப்பி எடுக்கலாம் மாத்தலாம் பகிரலாம்னு நாமளே முழுசா எழுதுவோம்னு உக்கார்ந்தாரு. 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிய, எழுதி வெளியிட்டப்புறம் அந்த ரெண்டும் சேர்ந்து இன்னிக்கு உலகத்துல பாதி சர்வர் ஓடுறதுக்கு அடிப்படையாச்சு.

என் பார்வையில நேர்மையான வழி இந்த ரெண்டுதான், ஒண்ணு எழுதுனவருக்கு காசு குடுக்குறது, இல்லன்னா எழுதுனவரே சந்தோஷமா எல்லாருக்கும்னு விட்டத எடுத்துக்கிறது. கிராக்கு மூணாவது வழி, அது இந்த ரெண்டு வழியில போறவங்க வயித்துலயும் அடிக்குது. இத நான் ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுக்கிட்டேன். நீங்க "அவ்ளோ பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்"னு கேட்டீங்கல்ல, உண்மையிலயே பெரிய கம்பெனிக்கு உங்களால பெருசா நஷ்டம் இல்ல, பல நேரம் லாபம்கூட. 1998ல ஒரு பல்கலைக்கழகத்துல பேசுனப்ப பில் கேட்ஸே சீனாவப் பத்தி இப்படி சொன்னாரு, எப்படியும் காசு குடுக்காமத்தான் எடுக்கப் போறாங்கன்னா எங்களோடத எடுக்கட்டும், பழகிடுவாங்க, வசூல் பண்றது எப்படின்னு பின்னாடி பார்த்துக்கலாம். இருபது வருஷம் முன்னாடி கண்ணீர் விட்டு கடிதம் எழுதுனவர் அதே ஆளு.

அப்ப அடி யாருக்கு விழுது? அந்த பெரிய சாஃப்ட்வேர்ல இருக்குற வேலையில முக்கால்வாசிய ரொம்ப கம்மி விலைக்கு செய்யுற சின்ன டீமுக்கு விழுது. அப்புறம் எல்லாத்தையும் இலவசமாவே குடுக்குற ஜிம்ப், க்ரிட்டா, இங்க்ஸ்கேப், ப்ளெண்டர் மாதிரி படம், டிசைன், 3டி ப்ராஜெக்ட்டுகளுக்கு விழுது. டாப்புல இருக்குறதே ஓசியில கிடைச்சா நடுவுல இருக்குறத யாரு திரும்பிப் பார்ப்பா? "எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன்"னு சொன்னீங்க, படிக்கிற காலத்துல அது நூத்துக்கு நூறு உண்மை, நான் நம்புறேன். ஆனா கிராக்கு கிடைக்காம இருந்திருந்தா நீங்க டிசைன் கத்துக்காமயா இருந்திருப்பீங்க, வேற ஏதோ ஒண்ணுல கத்துக்கிட்டிருப்பீங்க. அந்த வேற ஒண்ணுக்கு ஒரு திறமையான ஆள் கிடைச்சிருப்பாரு, பிழை இருந்தா சொல்லியிருப்பீங்க, பத்து பேருக்கு சொல்லிக் குடுத்திருப்பீங்க, உங்ககிட்ட வேலைக்கு வந்த பசங்களும் அதையே பழகியிருப்பாங்க. இப்ப அதுக்கு பதிலா என்ன ஆச்சு? வேலை விளம்பரத்துல எல்லாம் அந்த ஒரே சாஃப்ட்வேர் பேரு, ட்யூட்டோரியல் எல்லாம் அதுக்கே, ஃபைல் ஃபார்மேட்டும் அதுவே. நீங்க கோவப்படுற அந்த மாச வாடகைய தைரியமா கேக்குற பலத்த அவங்களுக்கு குடுத்ததுல கிராக் போட்டவங்க பங்கும் இருக்கு, நான் உட்பட.

சின்ன டீமுக்கு இது எப்படி இருக்கும்னு ஒரு நிஜ சம்பவம் சொல்றேன். 2013ல க்ரீன்ஹார்ட் கேம்ஸ்னு ஒரு குட்டிக் கம்பெனி, அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது, கேம் கம்பெனி நடத்துறது எப்படின்னே ஒரு கேம் வெளியிட்டாங்க, விலை 8 டாலர். அதே நாள் அவங்களே ஒரு கிராக் வெர்ஷனையும் டொரன்ட்ல (ஆளுக்கு ஆள் ஃபைல் பகிர்ற வழி) போட்டாங்க, அதுல ஒரு சின்ன மாத்தம் மட்டும், விளையாடுறவரோட கம்பெனி வளர்ந்து நல்ல கேம் வெளியிட ஆரம்பிச்சதும் எல்லாரும் அத காசு குடுக்காம எடுத்துக்குறாங்க, கம்பெனி திவாலாயிடும். முதல் நாள் முடிஞ்சப்ப காசு குடுத்து வாங்குனவங்க 214 பேர், கிராக்க விளையாடுனவங்க 3,104 பேர். இதுல எனக்கு நெஞ்சு அடைச்ச இடம் எதுன்னா, கிராக்க விளையாடுனவங்களே வந்து "எல்லாரும் என் கேமை இப்படி எடுத்தா நான் எப்படி பொழைக்கிறது, இதத் தடுக்க வழியே இல்லையா"ன்னு கேட்டிருந்தாங்க. அந்த 3,104 பேருமே வாங்கியிருப்பாங்கன்னு நான் சொல்லல. நூறு பேர் வாங்கியிருந்தாலே அந்த ரெண்டு பேருக்கு அது பெரிய விஷயம்.

சரி, சப்ஸ்கிரிப்ஷன். இதுல நான் உங்க கட்சி. 2013ல ஃபோட்டோஷாப் செய்யுற அடோபி கம்பெனி இனிமே புது வெர்ஷன் எல்லாம் சந்தாவுலதான்னு சொன்னப்ப எனக்கும் கோவம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு தடவ காசு குடுத்தா அந்த வெர்ஷன் நம்மளோடது, பழசாகுற வரைக்கும் ஓட்டலாம், இப்ப கட்டுறத நிறுத்துன மாசமே நாம செஞ்ச ஃபைல நாமளே எடிட் பண்ண முடியாமப் போகுது. வருமானம் எவ்வளவோ வித்தியாசப்படுற ஊருங்களுக்கு கிட்டத்தட்ட ஒரே விலை வச்சா அதுவும் நியாயமே இல்ல. காசு குடுத்து வாங்குனவனையே சந்தேகப்படுற கொடுமையும் நடந்திருக்கு, 2005ல சோனி பிஎம்ஜி பாட்டு சிடியில காப்பி தடுக்குறேன்னு சொல்லி கம்ப்யூட்டருக்குள்ள ஒளிஞ்சுக்கிற ரூட்கிட்ங்கிற ப்ரோக்ராம வச்சு விட்டாங்க, ஒழுங்கா காசு குடுத்து வாங்குனவங்க கம்ப்யூட்டர்லதான் ஓட்டை விழுந்துச்சு. இதெல்லாம் மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா தம்பி, இது அவங்கள விட்டு விலகிப் போறதுக்கான காரணம், அவங்க சாமான அவங்களுக்கு தெரியாம எடுத்து ஓட்டுறதுக்கான காரணம் ஆகாது. பிடிக்கலன்னு சொல்லிக்கிட்டே அதையே ஓட்டுனா அவங்களுக்கு எந்த அழுத்தமும் கிடையாது.

விலகிப் போனா என்ன ஆகும்னு ப்ளெண்டரப் பாருங்க. அத நடத்துன கம்பெனி 2002ல மூடிட்டாங்க, முதலீட்டாளர்கள் கேட்டது 1,00,000 யூரோ, அத உருவாக்குன டான் ரூசன்டால் எல்லார்கிட்டயும் கை நீட்டுனாரு, ஏழு வாரத்துல பயன்படுத்துற ஜனங்களே அந்த காச சேர்த்துக் குடுத்தாங்க, அக்டோபர் மாசம் சோர்ஸ் கோட் (மூல நிரல்) மொத்தமும் பொதுவுக்கு வந்துடுச்சு. 2025ல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார வாங்குன லாட்வியா படம் அந்த ப்ளெண்டர்லதான் செஞ்சாங்க. காசு குடுக்குறதும் இலவசமும் எதிரெதிர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் நான். ப்ளெண்டர் கதையில இலவசத்த காப்பாத்துனதே காசு குடுத்தவங்கதான்.

இப்ப அந்த ரெண்டு பசங்க விஷயம். உங்க கடிதத்துல எனக்கு அதிகமா உறுத்துனது இதுதான், நீங்க அத போற போக்குல ஒரு வரியில சொல்லிட்டு போயிட்டீங்க. உங்க லேப்டாப்புல நீங்க போட்டது உங்க முடிவு, விளைவும் உங்களுக்கு. அவங்க அத தேர்ந்தெடுக்கல, புதுசா வேலைக்கு வந்தவங்க முதலாளி போட்டுக் குடுக்குறத வேணாம்னு எப்படி சொல்வாங்க? லைசென்ஸ் இல்லாம தொழில் நடத்துற பொறுப்ப அவங்க தலையிலயும் ஏத்திட்டீங்க, இதுதான் தொழில்ல சகஜம்னு அவங்களுக்கு சொல்லாமச் சொல்லிட்டீங்க.

அதோட பாதுகாப்பு. கிராக் போடுறப்ப முதல்ல என்ன சொல்லுவாங்க, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணு, அட்மினா ரன் பண்ணு. முகம் தெரியாத ஒருத்தருக்கு கதவத் தொறந்து காவக்காரரையும் வீட்டுக்கு அனுப்பி வைக்கிற வேலை அது. ஸ்டாப்னு ஒரு ரான்சம்வேர் குடும்பம், தேஜாவூன்னும் சொல்லுவாங்க, அது பரவுனதே பெரும்பாலும் கிராக்கு, கீஜென் (போலி லைசென்ஸ் கீ உருவாக்குறது), ஆக்டிவேட்டர் வழியாதான், மாட்டுனவங்க எல்லாம் உங்கள மாதிரி தனி ஆளுங்க, ஃபைல் எல்லாம் பூட்டிக்கும், தொறக்க காசு கேக்கும். சத்தமே இல்லாம ப்ரௌசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டுகள அள்ளிட்டுப் போற ரகம் இன்னும் மோசம், உங்களுக்கு தெரியவே தெரியாது. 2021ல சோஃபோஸ்ங்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி ஒரு சம்பவத்த வெளியிட்டாங்க, ஐரோப்பாவுல ஒரு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளியில இருந்து கனெக்ட் பண்ணி வேலை பார்த்த ஒரு மாணவர், டேட்டாவ படமா காட்டுற ஒரு சாஃப்ட்வேர் விலை அதிகம்னு கிராக் தேடியிருக்காரு, விண்டோஸ் டிஃபெண்டர் தடுத்துச்சு, அதையும் ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணிட்டு போட்டிருக்காரு. அதுல இருந்தது பாஸ்வேர்டு திருடுற ப்ரோக்ராம், அந்த பாஸ்வேர்ட வச்சு பின்னாடி உள்ள நுழைஞ்சு ரியூக் ரான்சம்வேர ஏவி விட்டுட்டாங்க, ஒரு வாரத்து ஆராய்ச்சி டேட்டா போயே போச்சு. அந்த மாணவர் கெட்டவர் இல்ல தம்பி, உங்கள என்ன மாதிரி ஒருத்தர்தான். உங்க க்ளையன்ட்டுங்க இன்னும் வெளியிடாத விளம்பரத்த, சில நேரம் அவங்க அக்கவுன்ட் பாஸ்வேர்டையே உங்கள நம்பி குடுத்திருப்பாங்க, அது இருக்குற மெஷின்ல நீங்க என்ன போட்டிருக்கீங்கன்னு அவங்களுக்கு தெரியாது.

என் அனுபவத்துல ஒண்ணு. பல வருஷம் முன்னாடி ஒரு சின்ன கணக்கு சாஃப்ட்வேர் எழுதி வித்தேன், வாங்குனவங்க சில நூறு பேர்தான் இருப்பாங்க. ஒரு நாள் ராத்திரி ஒருத்தர்கிட்ட இருந்து மெயில், ரெண்டு வருஷ கணக்கு தொறக்க மாட்டேங்குது, விடிஞ்சா குடுக்கணும்னு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனாரு, அதோட தலைப்புல உடைச்ச ஆளோட பட்டப்பேரு இருக்கு. லைசென்ஸ் செக் பண்ற இடத்த வெட்டுறேன்னு போயி பக்கத்துல இருந்த ஃபைல் சரிபார்க்குற பகுதியையும் சேர்த்து வெட்டிட்டாங்க, அதனாலதான் டேட்டா கெட்டுப் போயிருக்கு. கோவத்துல கை நடுங்குச்சு எனக்கு, அந்த வருஷம் அந்த சாஃப்ட்வேர நிறுத்திடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்த வருஷம். ஆனா அந்த கணக்குல வேலை செய்யுறவங்களோட சம்பளமும் இருந்துச்சு, அவங்க என்ன பண்ணுவாங்க, உக்கார்ந்து விடிய விடிய சரி பண்ணிக் குடுத்தேன். அவர் நன்றி சொன்னாரு, காசு குடுக்கவே இல்ல. அவர் மேல இருந்த கோவம் கொஞ்ச நாள்ல போயிடுச்சு, ஆனா நான் ஓசியில பழகுன அந்தக் கம்பைலர எழுதுனவங்களும் ஒரு ராத்திரி இப்படி உக்கார்ந்திருப்பாங்களேன்னு அன்னிக்குதான் முதல் தடவ நினைச்சேன்.

இனி என்ன செய்யலாம். முதல்ல பசங்க ரெண்டு பேர் மெஷின், அப்புறம் உங்களோடது. கிராக்க அன்இன்ஸ்டால் பண்ணா மட்டும் போதாது, ஃபைல பேக்கப் எடுத்துட்டு டிஸ்க்க துடைச்சு ஓஎஸ்ஸ புதுசா போடுங்க, பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற ஒரு சுத்தமான மெஷின்ல இருந்து மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் லாகவுட் குடுங்க. அதுக்கு முன்னாடி உங்க பழைய ப்ராஜெக்ட் ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிஎன்ஜி இல்ல பிடிஎஃப் காப்பியும் எடுத்து வைங்க, ஏன்னா ஃபோட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல க்ரிட்டாவும் ஜிம்ப்பும் தொறக்கும், ஆனா ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், சில எஃபெக்ட் எல்லாம் அப்படியே வராது. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷன் காசு வாங்குற வேலைக்கே போதுமான அளவு இருக்கு. மூணு பேருக்கும் எல்லா சாஃப்ட்வேரும் தேவைப்படாது, ஒரு மாசம் எதத் தொறக்குறீங்கன்னு கவனிச்சீங்கன்னா உண்மையிலயே காசு குடுத்தே ஆகணும்ங்கிறது ஒண்ணோ ரெண்டோதான் வரும், அதோட செலவ கரண்டு இன்டர்நெட் மாதிரி உங்க கொட்டேஷன்லயே சேர்த்துடுங்க. மாணவரா இல்லாம மாணவர் லைசென்ஸ்ல தொழில் பண்ணாதீங்க, அதுவும் மீறல்தான். அடிமாட்டு விலைக்கு கீ விக்கிற ஆளுங்ககிட்டயும் போகாதீங்க, கம்பெனிகளுக்கு மொத்தமா குடுத்த கீய சில்லறையா விக்கிறாங்க, திருட்டு கார்டுல வாங்குனதும் அதுல வரும், எழுதுனவருக்கு ஒரு பைசா போகாது.

பழசுக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்க. ஆறு வருஷத்துக்கும் வட்டி போட்டு கணக்கு பார்க்க வேணாம், அந்தக் காச வாங்கிக்க எந்தக் கம்பெனியிலயும் கவுன்டர் இல்ல. காசில்லாத மாணவரா நீங்க பண்ணதுக்கு நான் பாவக்கணக்கு எழுத மாட்டேன், இன்னிக்கு அதே நிலைமையில ஒரு பையன் வந்து கேட்டா மட்டும் நேரா ப்ளெண்டர், க்ரிட்டா பக்கம் அனுப்புவேன், நான் படிச்ச காலத்துல அந்த அளவுக்கு நல்லதா எதுவும் இல்ல, இப்ப இருக்கு. ஆனா சம்பாதிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஓடுன வருஷங்கள் உங்கள உறுத்துதுன்னா, அந்தக் காசுல ஒரு பங்க நீங்க இனிமே ஓசியில பயன்படுத்தப் போற ப்ராஜெக்ட்டுக்கு மாசாமாசம் அனுப்புங்க. 2014ல ஹார்ட்ப்ளீட்னு ஒரு ஓட்டைய, நெட்டுல போற தகவல பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல கண்டுபிடிச்சாங்க, உலகத்துல ஏகப்பட்ட வெப்சைட்டோட பூட்டே அதுதான்னு சொல்லலாம், அதுக்கு அதுவரைக்கும் வந்துக்கிட்டிருந்த நன்கொடை வருஷத்துக்கு சுமார் 2,000 டாலர், முழுநேரமா உக்கார்ந்தது ஒரே ஒருத்தர். எல்லாரும் பயன்படுத்துனாங்க, யாருக்கும் குடுக்கணும்னு தோணல.

பசங்ககிட்ட நீங்களே சொல்லுங்க, தப்பா போட்டுக் குடுத்துட்டேன், மாத்துறேன்னு. தங்கச்சிக்கு பதில் தேடிக்கிட்டிருக்க வேணாம், மெஷின துடைக்கிற அன்னிக்கு அவங்களக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வைங்க, டெவலப்பர்னு சொல்றீங்க, எது எதுக்கு பாஸ்வேர்டு மாத்தணும்னு உங்கள விட அவங்களுக்கு நல்லா தெரியும். மாத்துறப்ப டெக்ஸ்ட் லேயர் உடையுது, கலர் மாறி வருதுன்னா எந்த சாஃப்ட்வேர்ல இருந்து எதுக்கு மாத்துனீங்க, ஃபைல் சிஎம்ஒய்கேவா (அச்சுக்கான கலர்) ஆர்ஜிபியா (ஸ்க்ரீனுக்கான கலர்)ன்னு சேர்த்து எழுதுங்க, பார்த்து சொல்றேன்.